அவள் சொன்னதில் நான் விட்டுவிட்டது

தம்பி,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். ஏழு வருடம். அதில் கடைசி இரண்டு வருடம் நீயும் என்னோடு பேசவில்லை. ஆகவே என் மௌனம் யாருடைய கண்ணிலும் படவில்லை. ஆளில்லாத வீட்டில் ஒருவன் பேசாமல் இருப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்? மதியம் மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி மலையை விட்டு இறங்கி, தோட்டத்து ஆபீஸ் சன்னல் வழியாக உள்ளே வந்து, தட்டச்சுப் பொறியின் மேல் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. அதனோடு நான் பேசிப் பார்த்ததுண்டு. பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும், திருப்பி எதுவும் சொல்லாது. முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்களோடு பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும். இப்போது பிடிக்கவில்லை.

உனக்குக் கல்யாணம் என்பதை தானா ராத்தா டவுனில் ராவுத்தர் டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, "என்னா கிராணி, மகனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கீங்க, இந்த ராவுத்தனுக்கு உங்க கையால ஒரு கார்டு இல்லையா லா?" என்றார். எனக்கே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் அச்சாகி வரலை" என்றேன். "வந்திருச்சே! ஈப்போ லோரிக்காரன் குடுத்துட்டுப் போனான்" என்று, கண்ணாடியில் செருகி வைத்திருந்ததை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "சரி சரி, டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமில்லாத மேசையைப் போய்த் துடைக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்ததில்லை. எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, தோட்டத்து ஆபீஸில் கிராணியாகக் கணக்கு எழுதும் எனக்கு அது தெரியவில்லை. கார்டில் பெண்ணின் பெயர் தவமணி என்று இருந்தது. அவள் தாயின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்தீர்கள். செங்கமலம் இறந்துவிட்டாள் என்பதும் எனக்கு அந்தக் கார்டில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். தேயிலைச் செடிகளின் தலையெல்லாம் பனிக்குள் போயிருந்தன. பாதையும் சரிவும் ஒரே நிறமாக இருந்தன. நடக்கிறேனா, நின்ற இடத்திலேயே மலை என்னைக் கடந்துபோகிறதா என்று தெரியவில்லை. அந்த மயக்கத்தில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. செங்கமலம் பேசிய அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். போலீஸ் அதிகாரி சீமைக்குப் போய்விட்டார். அவளும் போய்விட்டாள். அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று தெரிந்தவன் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருவன்தான். துப்பாக்கியோடு காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டுபோனதைத் தன் தாய் ஒப்புக்கொண்டாள் என்று நம்பிக்கொண்டுதான் தவமணி உன் வீட்டுக்குள் காலை வைக்கப்போகிறாள். அது அப்படியில்லை. நான் இதை எழுதாமல் செத்தால் அதுவே உண்மையாகிவிடும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன்னைத் திரும்ப அழைக்க எழுதவில்லை. என் கோபங்களை விட்டுவிட்டேன் என்று சொல்லவும் எழுதவில்லை. பதினெட்டு வருடம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத துரையையும், எனக்கு வரவேண்டிய இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைத்த பெரிய கிராணியையும், உன் அம்மாவின் சாவுக்கு வந்து சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டுப் போன உன் தாய்மாமன்களையும் நான் மன்னிப்பதாக இல்லை. அவையெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

நீ கடைசியாக வந்துபோனபோது, ஆசிரியர் பயிற்சியில் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை இங்கே விட்டுவிட்டாய். அதைப் பல தடவை படித்துவிட்டேன். ஒரு பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டிருக்கிறாய். ஒன்றில் 'சொல்பவர்', இன்னொன்றில் 'கேட்பவர்'. நடுவில் ஓர் அம்பு. அதன் மேல் 'செய்தி'. அம்புக்கு மேலே கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்து 'இரைச்சல்' என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்க்கை முழுவதையும் யாரோ ஒரு படத்தில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். துரை சொல்வார், நான் எழுதுவேன், ஆட்கள் கேட்பார்கள். அம்பு மேலிருந்து கீழே வரும். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அம்பு விட்டவனின் வேலை இல்லை. ஆபீஸிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் டெலிபோனில் நான் பேசியதெல்லாம் அப்படித்தான். மறுமுனையில் இருந்த டீ மேக்கர் மட்டும் ஒவ்வொரு முறையும், "ஐயா, ரெண்டாம் நம்பர் மலைக் கொழுந்து மொதல்ல வருது, நாலாம் நம்பர் அப்புறம். அதான சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்பார். "ஒருதரம் சொன்னால் விளங்காதா?" என்று சீறுவேன். "வெளங்கிச்சுங்க ஐயா. எனக்கு வெளங்கினது உங்களுக்கு வெளங்கணுமில்ல" என்பார். மந்தபுத்திக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். உன் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், கேட்பவரிடமிருந்து சொல்பவருக்கு ஓர் அம்பு திரும்பி வருகிறது. அந்த இரண்டாவது அம்பை வாழ்நாளெல்லாம் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் அந்த டீ மேக்கர் ஒருவர்தான்.

செங்கமலத்தை உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்குத் தெரிந்தது நீ கூப்பிட்ட அத்தையைத்தான். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அவள்தான் முன்னோடி. அவள் நிரையில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைப்பார்கள். கணவன் இல்லை, ஒரே பெண் தவமணி தாப்பாவில் சித்தி வீட்டில் படித்தது. உன் அம்மா போன பிறகு, பள்ளி விடுமுறைக்கு நீ ஈப்போவிலிருந்து வரும்போதெல்லாம் உனக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. அது எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அவளுக்கு வாய் நீளம். ஒருமுறை உன்னைக் கூட்டிவர நான் போய் அவளுடைய லயத்து வீட்டு வாசலிலேயே நின்றபோது, "உள்ள வாங்க ஐயா. கிராணி வந்தா லயத்துக் கூரை ஒண்ணும் இடிஞ்சு விழாது" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "நேரமில்லை" என்றேன். "நேரமில்லாதவரு அரை மணியா வாசல்லயே நிக்கிறாரே!" என்றாள். உன்னை அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் அந்த விதத்தில் பேசத் துணிந்த ஒரே ஆள் அவள்தான் என்பதும், அது கேலி மட்டுமில்லை, உள்ளே வரச் சொன்ன அழைப்பும்தான் என்பதும் இப்போதுதான் தோன்றுகிறது.

நீ மறந்திருக்கலாம், உன்னிடம் நான் சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஒருநாள் எட்டாம் நம்பர் மலைக்குப் போயிருந்தேன். காட்டை ஒட்டிய மேல் மலை. பத்தடி நடப்பதற்குள் பனி இறங்கிவிட்டது. அப்படி ஒரு வெள்ளையை நான் அதற்கு முன் கண்டதில்லை. கையை நீட்டினால் கை பாதியோடு நின்றது. செடி, வாய்க்கால், வானம் எல்லாம் கரைந்து ஒரே பாலாகி, அதற்குள் எங்கிருந்தோ பெண்களின் குரல் மட்டும் மிதந்து வந்தது. அது பாட்டில்லை. ஒருத்தி 'ஏ' என்பாள், இன்னொருத்தி 'இந்தா' என்பாள். ஒருத்தி இருமுவாள், அடுத்தவள் சிரிப்பாள். கூடை செடியில் உரசும். அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தங்களை வைத்துக்கொண்டு இருபது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நிரை தவறாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. சொல்லும்போதே கேட்டார்கள், கேட்கும்போதே கால் திசை மாறியது. நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் கிராணிக்கு வழி தெரியவில்லை என்று நாளைக்குக் கதையாகிவிடும். பேசாமல் ஓர் அடி எடுத்துவைத்தேன்.

"கிராணி ஐயாவா? நில்லுங்க, நில்லுங்க" என்று செங்கமலத்தின் குரல் கேட்டது. நான் பேசவில்லை. "பூட்ஸு சத்தம் கேக்குது. இந்த மலையில பூட்ஸு போட்டவரு நீங்க ஒருத்தருதான். கீழ பள்ளம், அப்படியே இடது பக்கமா வாங்க." ஓர் அடி வைத்தேன். "ரொம்ப வேணாம். ம்... இப்ப நேரா." இன்னோர் அடி. "மூச்சு வாங்குதில்ல, நின்னு வாங்க, மலை எங்கயும் ஓடிடாது." எங்கேயோ மற்றப் பெண்கள் அடக்கமாகச் சிரித்தார்கள். கடைசிவரை நான் ஒரு சொல் பேசவில்லை. ஆனால் என் பூட்ஸ், என் மூச்சு, என் தயக்கம் எல்லாவற்றையும் அவள் கேட்டு, அதற்கேற்பத் தன் பேச்சை மாற்றிக்கொண்டே என்னைப் பாதைக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் பேசாமல் இருந்தால் எதையும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். மனிதன் பேசாமல் இருக்கும்போதும் அவனிடமிருந்து ஏதோ ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கிறது. உன் நோட்டில் மூன்றாவது பக்கத்தில் இரண்டு வட்டங்களையும் ஒன்றுக்குள் ஒன்று பாதி நுழைந்தாற்போல வரைந்து, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறாய். நான் எழுதட்டுமா? அது எட்டாம் நம்பர் மலையின் பனி.

பிறகு வேலி வந்தது. காட்டுக்குள் போனவர்களுக்கு யாரும் சோறு கொடுக்கக் கூடாது என்பதற்காக லயங்களைச் சுற்றி முட்கம்பி போட்டார்கள். வாயிலில் சோதனை வைத்தார்கள். புது உத்தரவை ஆட்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டியது நான். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், ஆபீஸ் படி மேல் நின்று படித்தேன். "சமைத்த உணவு எதனையும் வேலியின் புறத்தே கொண்டு செல்லுதல் தண்டனைக்குரிய குற்றமாகும்." நானே மொழிபெயர்த்தது. முதல் நாள் முழுவதும் உட்கார்ந்து செதுக்கியிருந்தேன். எல்லாரும் "சரிங்கய்யா" என்றார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது. அப்போது செங்கமலம், "ஐயா படிச்சது நல்லாத்தான் இருந்துச்சு, கோயில்ல புராணம் கேட்ட மாதிரி. இப்ப யாராச்சும் தமிழ்ல சொல்லுங்கப்பா. மலைக்குச் சோறு கட்டிட்டுப் போலாமா, கூடாதா?" என்றாள். முந்நூறு பேர் சிரித்தார்கள். பெரிய கிராணி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கைக்குட்டையின் கரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "விளங்காதவர்கள் காதைக் கழுவிக்கொண்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். 'கூடாது' என்ற ஒரு சொல்லை, ஆட்களை மேற்பார்க்கும் தண்டல் சொல்லித் தீர்த்துவைத்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

சில நாள் கழித்து அவள் ஆபீஸ் சன்னலுக்கு வந்தாள். முதுகில் கூடை. தனியாகத்தான் வந்தாள். "ஐயா, ஒண்ணு கேக்கணும். எட்டாம் நம்பர்ல நாளைக்கு மொதக் கொழுந்து. கல்லுக்கு ஒரு பிடி சோறு வைப்போம். அதுவும் கூடாதுங்களா?" என்றாள். செடிகளைக் கவ்வாத்து வெட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி துளிர்த்து முதல் கொழுந்து எடுக்கும் நாளில், மேல் நிரையின் கோடியில் இருக்கும் கல்லுக்கு முன்னோடிப் பெண் ஒரு பிடி சர்க்கரைச் சோறு வைத்துச் சூடம் கொளுத்துவாள். உனக்குத் தெரியும், அந்தச் சோற்றை நீயும் தின்றிருக்கிறாய். அவள் இந்த முறை கேலியாகப் பேசவில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்க வந்திருந்தாள். நான் ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெரட்டில் சிரித்த முந்நூறு பேரும் என் தலைக்குள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ நோட்டில் அம்புக்கு மேலே போட்டிருக்கிற கோணல் கோடு வெளியே மழையிலும் காற்றிலும் மட்டும் இருக்கிறது என்று உன் வாத்தியார் சொல்லியிருந்தால், அவருக்கு என்னைத் தெரியாது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கூடையின் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாயிலில் அவளைப் பிடித்தார்கள். மடியில் இலைப் பொட்டலம். அதில் ஒரு பிடி சோறு, ஒரு சூடக் கட்டி. ஆபீஸிலேயே விசாரணை. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது; மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். பெரிய கிராணியைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சோறு யாருக்கு என்று கேட்டார். நான் கேட்டேன். அவள் நின்றுகொண்டு, முதலில் அதிகாரியையும் கடைசியில் என் முகத்தையும் பார்த்து, நீளமாகப் பதில் சொன்னாள். முடித்ததும் அதிகாரி என்னைப் பார்த்தார். "சோறு கொண்டுபோனதை ஒப்புக்கொள்கிறாள்" என்றேன். இவ்வளவு நேரம் பேசினாளே, அவ்வளவுதானா என்று கேட்டார். "இவர்கள் அப்படித்தான் சுற்றி வளைத்துப் பேசுவார்கள்" என்றேன். அந்த வெள்ளைக் கட்டி என்ன என்றார். சூடம் என்றேன். காயத்துக்கு மருந்தாகப் போடுவார்களா என்றார். போடுவதுண்டு என்றேன். தம்பி, நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் ஆங்கிலம் தெரியாதவள். என் இரண்டு வரிப் பேச்சு முடிந்ததும், தான் சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து எனக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று வெகுகாலம் ஒரு காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் ஒரு கல்லுக்குச் சோறு ஊட்டுகிறார்கள் என்பதை அந்த அதிகாரியின் முன்னால், என் நல்ல ஆங்கிலத்தில், சொல்ல வெட்கப்பட்டேன் என்று. அது உண்மைதான். வெட்கம் இருந்தது. ஆனால் அது மேல் உறை. உள்ளே இருந்தது வேறு. அவள் பேச்சின் நடுவில், என்னிடம் வந்து கேட்டதாகவும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றும் சொன்னாள். அதை நான் மொழிபெயர்த்தால், அடுத்த கேள்வி எனக்கு வரும். அந்தக் காலத்தில் ஒரு கேள்வி போதும், ஆளைத் தூக்கிக்கொண்டு போக. ஆகவே என்னைப் பற்றிய வரியை எடுத்தேன். அந்த வரியை எடுத்தால் முன்னும் பின்னும் இருந்தது ஒட்டவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

அவளை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்து, பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலில் அனுப்பிவிட்டார்கள். தவமணி இங்கே பிறந்தவள் என்று சொல்லி அவள் சித்தி அழுது மன்றாடி நிறுத்திக்கொண்டாள். 'ஒப்புக்கொண்டாள்' என்ற வாசகத்தை அறிவிப்புப் பலகைக்கு அடித்துக் கொடுத்ததும் நான்தான். அதைப் படித்த பிறகு, பயத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எட்டாம் நம்பர் மலையில் பெண்கள் பேசாமல் கொழுந்து பறித்தார்கள். பனிக்குள் குரல் வரவில்லை. நிரை கோணிப்போனது என்று தண்டல் வந்து சொன்னார். விடுமுறைக்கு நீ வந்து அத்தை எங்கே என்று கேட்டபோது பலகையைக் காட்டினேன். பல வருடம் கழித்து, ஈப்போவில் தவமணியைச் சந்தித்த பிறகு, வேறு ஆளாக வந்து நின்றாய். "அந்த அறையில நீங்கதானப்பா பேசினீங்க? அவங்க நிசமாவே ஒப்புக்கிட்டாங்களா?" என்றாய். "கேட்டதுக்குப் பதில் வந்தது. வந்ததைச் சொன்னேன்" என்றேன். "இது பதிலே இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாய். நோட்டுப் புத்தகம் மேசையிலேயே கிடந்தது. நான் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாய். உன் கால் வாசலில் ஒரு நொடி தாமதித்ததை நான் கேட்டேன்.

கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவனுக்குத் தகப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தகுதியில்லாத விஷயம் ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும்; அதையே சொல்கிறேன். அழகாகப் பேசுகிறவன் நல்ல பேச்சாளன் என்று நினைத்துவிடாதே. எதிரில் இருப்பவளின் முகத்தில் உன் பேச்சு என்னவாகப் போய் விழுந்திருக்கிறது என்று பார்த்து, தேவையானால் உன் நல்ல வாக்கியத்தை நீயே உடைத்துப்போட்டு வேறு மாதிரி சொல்கிறவன்தான் பேசத் தெரிந்தவன். அவள் சொன்னது உனக்கு விளங்கியதா என்று திருப்பிச் சொல்லிப் பார். அதில் மரியாதை குறைந்துவிடாது. கோபமாக இருக்கும்போது பேச வேண்டாம் என்று சொல்வார்கள். 'கோபமாக இருக்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன்' என்றாவது சொல்லிவிடு. வெறும் முதுகைக் காட்டாதே. முதுகு சொல்வதை ஆளுக்கு ஒரு விதமாக எடுத்துக்கொள்வார்கள், அதற்கெல்லாம் நீ பொறுப்பாக வேண்டிவரும். சமயத்தில் அவள் உன்னைக் கேலி செய்வாள். அவள் தாயின் மகள். சிரித்துவிடு. நான் ஒரு சிரிப்பைத் தாங்க முடியாமல் ஒரு பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பினேன்.

இனி வருவது என் பேச்சில்லை. செங்கமலம் அந்த அறையில் சொன்னது. ஏழு வருடத்தில் தினமும் எனக்குள் ஓடிய பேச்சு என்பதால் ஒரு சொல்லும் தவறியிருக்காது என்று நம்புகிறேன். இதைத் தவமணிக்கு நீ வாசித்துக் காட்ட வேண்டும். திருத்தாதே, உன் இலக்கணத்தை இதில் காட்டாதே.

"ஐயா, இது காட்டுல இருக்கிறவங்களுக்கு இல்லீங்க. எட்டாம் நம்பர்ல இன்னைக்கு மொதக் கொழுந்து. கல்லுக்குப் பிடி சோறு வைக்காம எங்காத்தா கை வெச்சதில்ல, நானும் வெச்சதில்ல. அஞ்சு வெரலுக்குள்ள அடங்குற சோறு, இதைத் தின்னு எவன் உசுரு வளக்கப்போறான்? சட்டம் தெரியாம இல்ல. அதான் இந்த ஐயாகிட்டயே சன்னல்ல வந்து கேட்டேன். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெறுங்கையோட போய்க் கும்பிட்டிருப்பேன். அவரு ஒண்ணும் சொல்லல. அவரு மேல தப்பில்லீங்க, வேலையா இருந்தாரு. என்னை என்ன வேணா செய்யட்டும். எம் மக தாப்பாவுல படிக்குது. எங்கம்மா காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டு போனான்னு அது காதுல விழக்கூடாது. அதை மட்டும் வெள்ளக்காரருகிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க ஐயா. மத்தது எப்படியோ போகட்டும்."

அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். நான் சொல்லாமல் விட்டதும் அதைத்தான். பனி இப்போது கொஞ்சம் விலகியிருக்கிறது. தொழிற்சாலைக் கூரை தெரிகிறது. டவுனுக்குப் போகும் லோரியைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். கீழே 'அன்புள்ள அப்பா' என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டு, எடுத்துவிட்டேன். அதை எழுதினால், இந்த ஆளை மன்னிப்பதா வேண்டாமா என்ற கேள்விதான் உன் முன்னால் வந்து நிற்கும்; தவமணிக்கு வரவேண்டியது அதற்குப் பின்னால் மறைந்துபோகும். அவள் தாய்க்கும் அவளுக்கும் நடுவில் நான் ஒருமுறை நின்றது போதும். கையெழுத்துப் போடாமல் இதை இன்றைய லோரியில் தபாலுக்குக் கொடுத்துவிடுகிறேன்.